புதுப்பிப்பு: எங்கள் படிப்பு வட்டத்துக்கான நிதி

மாலை நேரப் படிப்பு வட்டத்தை நடத்த நிதி எங்கே கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். ஓர் அறக்கட்டளை ஓராண்டுக்கான மானியத்தை இப்போது உறுதி செய்திருக்கிறது. குழுவின் விதிமுறைகள், இருவர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு, தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு ஆகியவற்றையே அவர்கள் முதலில் கேட்டார்கள் என்பதால், நிதி தேடத் தொடங்கும் எவரும் இந்த ஆவணங்களை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது நல்லது.

மானியம் குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டுமே உரியது: புத்தகங்களும் ஆசிரியர்களின் மதிப்பூதியமும் அதில் அடங்கும், வாடகையும் மின்கட்டணமும் அடங்கா. புதிய திட்டங்களுக்கு விரும்பிக் கொடுக்கும் கொடையாளர்கள் பலரும் அன்றாடச் செலவை ஏற்க மட்டும் தயங்குகிறார்கள் (இடமே இல்லாமல் திட்டம் எங்கே நடக்கும் என்பது வேறு விஷயம்). அந்தப் பற்றாக்குறையை உறுப்பினர் சந்தாவால் ஈடுகட்ட முடிவு செய்துள்ளோம். தொகை சிறிதானாலும் நிபந்தனை ஏதுமின்றி மாதந்தோறும் வரும் பணம் என்பதோடு, குழுவும் தன் பங்கைத் திரட்டுகிறது என்று அடுத்த விண்ணப்பத்தில் காட்டவும் அது உதவும் என்பதால், அதை மானியத்துக்குக் குறைந்ததாக நான் கருதவில்லை.

செலவு குறித்த இடைக்கால அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே மானியத்தின் இரண்டாவது தவணை விடுவிக்கப்படும். ரசீதுகளைத் தனிக் கோப்பில் சேர்க்கும் பொறுப்பைப் பொருளாளர் ஏற்றிருக்கிறார்.