சாரனாக் லேக் குளிர்காலத் திருவிழா: பனிச்சறுக்குத் தெரியாத குடும்பம் போகலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஆல்பனிக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு குளிர்காலங்களையும் ஜன்னலுக்கு உள்ளேயே இருந்து கழித்துவிட்டோம். இந்த முறை பிப்ரவரி தொடக்கத்தில், வடக்கே அடிரொண்டாக் மலைப்பகுதியில் ஏரிக்கரையில் இருக்கும் சாரனாக் லேக் என்ற சிற்றூரில் பத்து நாள் நடைபெறும் குளிர்காலத் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் இருவரும் (வயது 11, 7) பிடிவாதமாக இருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் மாமியாருக்கு 68 வயது. வீட்டில் ஒருவருக்கும் பனிச்சறுக்குத் தெரியாது.

ஏறத்தாழ மூன்று மணி நேரம் காரில் போய், திருவிழாவுக்காக ஏரிப் பனிக்கட்டியால் கட்டும் அரண்மனையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைத் தவிர அங்கே நமக்கு என்ன இருக்கிறது? அத்தையை அந்தக் குளிரில் அழைத்துப் போவது முறையா? உறைந்த ஏரியின் மேல் பிள்ளைகளை நடக்க விடலாமா? போய்வந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம் சகோதரி. ஐந்து குளிர்காலங்களாக அந்த அரண்மனையைக் கட்டும் வேலையில் கைகொடுத்து வருகிறேன் என்பதால் முதலில் அதைப் பற்றியே சொல்கிறேன். நீங்கள் திருவிழா நாட்களுக்குப் போவதற்கு முன்பாக, கட்டுமானம் நடக்கும் வார இறுதி ஒன்றில் ஒருமுறை போய்ப் பாருங்கள். முடிந்த அரண்மனை அழகுதான், ஆனால் அது எழும்புவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

1897-இல், குளிர்கால விளையாட்டுகளை வளர்ப்பதற்காக ஊர்க்காரர்கள் தொடங்கியிருந்த பான்டியாக் கிளப் இந்தத் திருவிழாவை முதன்முதலாக நடத்தியது. அடுத்த ஆண்டே முதல் அரண்மனை எழுந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில் ஏரிப் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கோடை வரை காப்பது அந்த வட்டாரத்தின் வழக்கமான தொழில். அந்தத் தொழில் எப்போதோ மறைந்துவிட்டாலும், அதன் கருவிகளும் கைப்பழக்கமும் இந்த அரண்மனையால்தான் இன்னமும் உயிரோடு இருக்கின்றன.

வேலை லேக் ஃப்ளவர் ஏரியின் ஓர் ஒதுக்கில் நடக்கும். ஏரி உறைந்ததும் முதலில் மேலே கிடக்கும் பனியை வாரித் தள்ளிவிடுவார்கள். பனி ஒரு கம்பளி போல ஏரியைப் போர்த்தி வைத்திருப்பதால், அதை நீக்கினால்தான் குளிர் உள்ளே இறங்கிக் கட்டி தடிக்கும். பிறகு வட்ட ரம்பம் பூட்டிய ஓர் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டே இரண்டடிக்கு நான்கடி என்று கட்டம் போட்டு அறுப்பார்கள். அடிவரை அறுக்க மாட்டார்கள். முழுதும் அறுத்தால் கீழிருந்து நீர் ஏறி வெட்டுக்குள் மீண்டும் உறைந்துவிடும். மீதம் விட்ட கனத்தைக் கைரம்பத்தாலும் கடப்பாரையாலும் பிளப்பார்கள். கட்டி விடுபடும்போது, தரைக்கு அடியில் யாரோ கனமான கதவைச் சாத்தியது போல ஓர் ஒலி எழும்பும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அது சலிப்பதில்லை.

விடுபட்ட கட்டிகளை நீண்ட கொக்கிக் கழிகளால், அறுத்துத் திறந்த நீர்வழியில் மிதக்கவிட்டுக் கரைக்குத் தள்ளுவோம். ஒவ்வொன்றும் தடிப்பைப் பொறுத்து 400 முதல் 800 பவுண்டு வரை இருக்கும். அதனால் தூக்கி அடுக்குவது இயந்திரத்தின் வேலை. மற்றது பெரும்பாலும் கைவேலைதான். கட்டிக்கும் கட்டிக்கும் நடுவில் சுண்ணாம்புக் கலவைக்குப் பதிலாக, பனியும் ஏரி நீரும் சேர்ந்த கூழை வாளியில் கொண்டுவந்து அள்ளித் திணிப்பார்கள். அது சில நிமிடங்களில் இறுகிவிடும். என் முதல் நாள் வேலை அந்தக் கூழ் வாளிதான். ஒரு மணி நேரத்தில் கையுறை விறைத்து விரல் மடங்காமல் போனபோது, பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் ஒன்றும் சொல்லாமல் தம் சட்டைக்குள் சூடாக வைத்திருந்த மற்றொரு சோடியை எடுத்து நீட்டினார். அன்று முதல் நானும் இரண்டு சோடியோடுதான் போகிறேன்.

உழைப்பவர்கள் அனைவரும் தன்னார்வலர்கள். வெளியூரிலிருந்து வரும் பெரியவர்களையும் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்கிறார்கள். குளிர் போதாத ஆண்டில் அரண்மனை சிறியதாக எழும்பும். ஏரி கொடுப்பதைத்தான் கட்ட முடியும்.

மறுமொழி 2

பெரியவரை நிச்சயமாக அழைத்துப் போங்கள். அவருக்காகவே அந்த ஊரில் ஒரு கதை இருக்கிறது. காசநோயால் அவதிப்பட்ட எட்வர்ட் லிவிங்ஸ்டன் ட்ரூடோ என்ற மருத்துவர், அடிரொண்டாக் காற்றில் தம் உடல் தேறியதைக் கண்டு, 1880-களின் நடுவில் அங்கே ஒரு காசநோய் மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். சிகிச்சையின் பெரும்பகுதி ஓய்வும் குளிர்ந்த தூய காற்றும்தான். நோயாளிகள் கடுங்குளிரிலும் திறந்த தாழ்வாரங்களில் போர்வை போர்த்திச் சாய்ந்து கிடப்பார்கள். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனும் 1887-88 குளிர்காலத்தை அங்கேதான் கழித்தார். மருந்து வந்த பிறகு தேவை குறைந்து, 1954-இல் அந்த நிலையம் மூடப்பட்டது. ஆனால் பெரிய பெரிய தாழ்வாரங்களோடு, நோயாளிகள் தங்கியிருந்த வீடுகள் இன்றும் தெருவெங்கும் நிற்கின்றன. ட்ரூடோவின் ஆய்வகம் இப்போது அருங்காட்சியகம். காரிலிருந்து இறங்காமலேயே பாதி வீடுகளைப் பார்த்துவிடலாம். அருங்காட்சியகத்தில் உள்ளே இருந்தபடியே மீதியைத் தெரிந்துகொள்ளலாம். போவதற்கு முன் அது திறந்திருக்கும் நேரத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அரண்மனையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவர்களுக்கு அந்த ஊர் ஏன் குளிரைக் கொண்டாடுகிறது என்பது கடைசிவரை விளங்குவதில்லை. நீண்ட இருண்ட மாதங்களில் நோயாளிகளுக்கும் ஊராருக்கும் மனம் சோர்ந்துவிடாமல் இருக்க இப்படி ஒரு கூட்டம் தேவைப்பட்டது. டூன்ஸ்பரி கேலிச்சித்திரத் தொடரை வரையும் கேரி ட்ரூடோ அந்த மருத்துவரின் கொள்ளுப் பேரன்; பல்லாண்டுகளாகத் திருவிழாவுக்கான சித்திரங்களை அவரே வரைந்து தருகிறார். சட்டையில் குத்திக்கொள்ளும் திருவிழா வில்லை ஒன்றைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.

பனிச்சறுக்குத் தெரியாதது ஒரு குறையே இல்லை. ஊர்வலம், மேடை நிகழ்ச்சிகள், பெண்கள் வாணலியை வீசி எறியும் போட்டி என்று வேடிக்கை பார்க்கவே நேரம் போதாது.

மறுமொழி 3

ஏரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கண்ணாடி போலத் தெளிந்த புதுக் கட்டி குறைந்தது 4 அங்குலம் தடித்திருந்தால்தான் ஒருவர் நடக்கலாம் என்பது பொதுவான கணக்கு. பால் போல வெளுத்த கட்டிக்கு அதில் பாதி வலிமைதான்; அதனால் இரு மடங்கு தடிப்பு வேண்டும். ஓடை வந்து சேரும் இடம், நீர் வெளியேறும் மதகு, படகுத்துறைத் தூண்களின் ஓரம் ஆகியவை, சுற்றிலும் ஓரடி தடித்திருந்தாலும் மெலிந்தே இருக்கும்.

சாரனாக் லேக்கில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அரண்மனைக்காகக் கட்டி அறுத்த பகுதி மறுபடியும் மெல்லிய ஏடு போல உறைந்து, மேலே பனி விழுந்துவிட்டால் மற்ற இடத்தைப் போலவே தோன்றும். தடுப்புக் கட்டியிருக்கும் இடத்தைத் தாண்டிப் பிள்ளைகள் ஓடாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஏழு வயதுக் குழந்தையை நினைத்தே இதை எழுதுகிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மறுமொழிகளை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். தாழ்வாரத்தில் படுத்துக் கிடந்த நோயாளிகளைப் பற்றி இரண்டு முறை கேட்டார். பிறகு, "தேரைத் தூர நின்று பார்த்துவிட்டு வருவதா? வடத்தைத் தொட்டுவிட்டு வர வேண்டாமா?" என்று சொல்லிவிட்டார். எனவே ஜனவரிக் கடைசியில் என் கணவர் ஒரு நாள் அரண்மனை கட்டும் வேலைக்குப் போவார், நாங்கள் கரையில் நிற்போம்; பிப்ரவரியில் எல்லோருமாக மீண்டும் போவோம். எந்த நாள், எந்த நேரம் நல்லது? அத்தை எதை அணிந்துகொள்ள வேண்டும்?

மறுமொழி 1

பெரிய ஊர்வலம் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும். அன்று தெருக்களை அடைத்துவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்ச் சேருங்கள். அரண்மனையைப் பகலில் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை பாருங்கள். பகலில் கட்டிகளுக்குள் வரிசையாக உறைந்து நிற்கும் காற்றுக்குமிழிகள் தெரியும், இரவில் வண்ண விளக்குகளால் சுவர் உள்ளிருந்தே ஒளிரும்.

இரவில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அங்கே சாதாரணம். அத்தைக்கு உடலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு குளிரைக் கூட்டும். கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, தடித்த கம்பளி நடுவில், காற்றுப் புகாத மேலங்கி வெளியே. காலணி ஓரளவு தளர்வாக இருக்கட்டும். இரண்டு காலுறைகளைத் திணித்து இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் சில்லிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எங்காவது உள்ளே அழைத்துப் போய் உட்கார வையுங்கள். உங்கள் கணவரிடம் கையுறை இரண்டு சோடி எடுத்துவரச் சொல்லுங்கள். வாளி வேலை அவருக்காகக் காத்திருக்கும்.