இஞ்சின் சாமான் கழுவ எது நல்லது? பெட்ரோலா, காஸ்டிக் சோடாவா, ஸ்ப்ரே டப்பாவா?

பெகு பட்டறை:
எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல பெகு ஊர்ல வீட்டுக்கு முன்னாடியே சின்னதா ஒரு பட்டறை வச்சிருக்கேன். கரண்ட் இருக்குற நேரத்தை விட இல்லாத நேரம் ஜாஸ்தி, அதனால ஜெனரேட்டர் வேலை தான் முக்காவாசி, நடுவுல தோலாஜிங்கற பாரம் ஏத்துற வண்டியோட டீசல் இஞ்சினும் பைக்கும் வரும். அப்பா காலத்துல இருந்து சாமானெல்லாம் பெட்ரோல்ல தான் கழுவுறோம், தட்டுல ஊத்தி பிரஷ் போட்டா கிரீஸ் உடனே போயிரும், துடைக்கவே வேணாம், தானா காஞ்சிரும். ஆனா இப்ப விக்கிற விலைக்கு கட்டுப்படி ஆகல, அதோட பட்டறைக்கு ஒட்டுனாப்ல அடுப்படி, வீட்டுல தினம் இதுக்கு ஒரு சண்டை. பக்கத்து பட்டறையில காஸ்டிக் சோடா போடுறாங்க, ஒரு வீசை வாங்கினா ரொம்ப நாளைக்கு வரும்ங்கறாங்க. ஆனா அங்க ஒரு கார்புரேட்டரை போட்டு எடுத்தப்ப பார்த்தேன், கன்னங்கரேல்னு ஆயி மேல எல்லாம் சொரசொரன்னு அரிச்சுப்போய் இருந்துச்சு. இன்னொருத்தர் பாத்ரூம் கழுவுற ஆசிட்ல போடு, துரு பறந்துரும்ங்கறாரு. ஸ்ப்ரே டப்பா வாங்கலாம்னா பாதி சைனா எழுத்து, பாதி தாய் எழுத்து, உள்ள என்ன இருக்குன்னே தெரியல. இரும்பு, அலுமினியம், பித்தளை எல்லாத்துக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒண்ணு இருக்கா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மோல்மீன் டீசல்:
தம்பி, எல்லாத்துக்கும் ஒண்ணுன்னு எவன் வித்தாலும் வாங்காதீங்க. கையில இருக்குறது என்ன உலோகம்னு பார்த்துட்டு தான் எந்த வாளின்னு முடிவு பண்ணணும். பட்டறையில ஒரு காந்தத்தை கயித்துல கட்டி தொங்க விடுங்க. ஒட்டலைன்னா காஸ்டிக் பக்கம் கொண்டு போகவே கூடாது. ஒட்டினாலும் முழுசும் இரும்பு தானான்னு நாலு இடத்துல வச்சுப் பாருங்க, ஏன்னா அலுமினிய கவர்ல இரும்பு புஷ் அடிச்சிருப்பான், அந்த புஷ்ல ஒட்டிட்டு நம்மள ஏமாத்திரும்.

நீங்க பார்த்த கார்புரேட்டர் அலுமினியம் இல்லாட்டி துத்தநாக வார்ப்பு. ரெண்டையும் காஸ்டிக் தின்னுரும். தின்னும்போது பொங்குது பாருங்க, அது அழுக்கு கரையுற பொங்கல் இல்ல, ஹைட்ரஜன் காஸ், பக்கத்துல எவனாவது சுருட்டு பத்த வச்சா குப்புன்னு பிடிக்கும். பிஸ்டன், ஜெனரேட்டர் ஹெட், கிராங்க் கேஸ், பைக் கிளட்ச் கவர் எல்லாம் அலுமினியம் தான். காஸ்டிக்குன்னா அது வார்ப்பிரும்பு பிளாக்குக்கும் ஸ்டீலுக்கும் மட்டும், அதுவும் பேரிங், சீல் எல்லாம் கழட்டிட்டு. கலக்கும்போது தண்ணிய முதல்ல ஊத்திட்டு அதுல சோடாவை கொஞ்சம் கொஞ்சமா போடணும், சோடா மேல தண்ணிய ஊத்தினா கொதிச்சு மூஞ்சியில அடிக்கும். லிட்டருக்கு 50 கிராம் போதும். கண்ணாடி போடாம அந்த வாளிகிட்ட குனியவே கூடாது, கண்ணுல பட்டா 20 நிமிஷமாவது விடாம தண்ணி ஊத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

படகு இஞ்சின் வேலைக்கு நாங்க டீசல்ல தான் கழுவுறோம். முதல்ல மரச்சீவலால கட்டிக் கிரீஸை வழிச்சு எடுத்துருங்க, இத செய்யாம நேரா வாளியில போடுறவங்க தான் எது போட்டாலும் அழுக்கு போகலன்னு புலம்புவாங்க. அப்புறம் டீசல்ல ஊற விட்டு பிரஷ், கடைசியா பாத்திரம் கழுவுற சோப்பும் சுடுதண்ணியும். டீசல் தானா காயாது, எண்ணெய்ப் பிசுக்கா நிக்கும், அதுக்கு தான் சோப்பு. இரும்பு சாமானை சோப்புத் தண்ணியில இருந்து எடுத்தா உடனே துடைச்சு காத்தடிச்சு ஆயில் தடவணும், டீ குடிச்சுட்டு வர்ற நேரத்துல செங்கலா துரு பூத்துரும், அதுவும் நம்ம மழைக்காலத்துல கேக்கவே வேணாம்.

ரங்கூன் கெமிஸ்ட்ரி டீச்சர்:
அண்ணே, உங்க வீட்டம்மா சண்டை போடுறது நியாயம் தான். பெட்ரோல் ஆவி பத்திக்கிற சூடு மைனஸ் 40 டிகிரி பக்கம், அதாவது நம்ம ஊர்ல அது எப்பவும் பத்த ரெடியா தான் இருக்கும். ஆவி காத்தை விட கனம், மேல போகாம தரையோட தவழ்ந்து போய் அடுப்பை தேடிக்கும், தீ அங்க பிடிச்சு தட்டுக்கு திரும்பி வரும். மண்ணெண்ணெய் 38 டிகிரிக்கு மேல தான் பத்தும், அதனால பரவால்லன்னு நினைப்பாங்க, ஆனா திஞ்ஜான் (ஏப்ரல்ல வர்ற பர்மா புத்தாண்டு) நேர வெயில்ல தகர டின்னை வெளிய வச்சா உள்ள இருக்குற எண்ணெய் அந்த சூட்டை தாண்டிரும். டீசல் பொதுவா 50-க்கு மேல, அதனால மோல்மீன் அண்ணன் சொன்னது சரி, ஆனா அதையும் நிழல்ல தான் வைக்கணும். பெட்ரோல்ல பென்சீன் வேற இருக்கு, ரத்தப் புற்றுநோய் வரவைக்கிற சாமான், அதுல வெறுங்கையை முக்கி வேலை செய்யக்கூடாது. சாதாரண ரப்பர் கிளவுஸ் பெட்ரோல்ல ஊதிப் போயிரும், நைட்ரைல் கிளவுஸ் கேட்டு வாங்குங்க.

டப்பா விஷயம். எழுத்து தெரியலைன்னாலும் படம் ஒரே மாதிரி தான் போடுவாங்க. தீ படம் போட்டிருந்தா பத்தும். கையும் உலோகமும் அரிக்கிற மாதிரி படம் இருந்தா உள்ள காஸ்டிக் இருக்கும், இல்லாட்டி ஆசிட் இருக்கும். அப்புறம் பின்னாடி பொடி எழுத்துல கோடு போட்ட நம்பர் இருக்கும், அது எந்த மொழியிலயும் மாறாது. 1310-73-2 காஸ்டிக் சோடா. 7647-01-0 ஹைட்ரோகுளோரிக் ஆசிட், உங்க பாத்ரூம் ஆசிட்ல இருக்குறது. 127-18-4 தான் ரொம்ப முக்கியம், அது டெட்ராகுளோரோஎத்திலீன், பிரேக் கிளீனர் சிலதுல வரும். தீப்பிடிக்காது, அதனால நல்லதுன்னு தோணும், ஆனா அத அடிச்சு ஈரம் காயாத சாமான்ல வெல்டிங் வச்சா போஸ்ஜீன் காஸ் வரும். முதல் உலகப் போர்ல ஆளைக் கொல்ல விட்ட காஸ் அது. வெல்டிங் நடக்குற பட்டறையில அந்த நம்பர் டப்பாவே வேணாம்.

பாத்ரூம் ஆசிட் வேணவே வேணாம். துருவோட இரும்பையும் தின்னும், ஆவி பட்டே அலமாரியில இருக்குற ஸ்பேனரெல்லாம் துருப்பிடிக்கும், பிளீச்சோட கலந்துட்டா குளோரின் காஸ் வரும். துருவுக்கு சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 50 கிராம், ராத்திரி ஊற வச்சு காலையில சோடா உப்பு தண்ணியில அலசிட்டு ஆயில் போடுங்க. இரும்புக்கு மட்டும்.

பழைய மெக்கானிக்:
எல்லாம் புஸ்தகப் பேச்சு. எங்க பட்டறையில பெட்ரோல் தான் என்னிக்கும், ஒண்ணும் ஆகல.

மோல்மீன் டீசல்:
ஆகாத வரைக்கும் ஆகல தான் ஐயா. அந்த தம்பிக்கு அடுப்படி ஒட்டி இருக்கு, உங்களுக்கு இருக்கா?

மண்டலே பைக்:
கார்புரேட்டருக்கு நான் சொல்றேன், எனக்கு அது தான் தினம் வேலை. முதல்ல மிதவை, ஓ-ரிங், டயாபிராம் எல்லாம் கழட்டி தனியா வச்சிருங்க, கார்புரேட்டர் கிளீனர் பட்டா ரப்பர் ஊதிப் போயி திரும்ப உள்ள போகவே போகாது. ஜெட் (பெட்ரோல் அளவா போற பித்தளைத் துண்டு) ஓட்டையில ஸ்டீல் கம்பி விடாதீங்க, பித்தளை மெத்து, ஓட்டை கொஞ்சம் பெருசானாலும் பெட்ரோல் அதிகமா போய் கரும்புகை தான். ஜெட்டை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா ஓட்டை வட்டமா பளிச்சுன்னு தெரியணும், பச்சையா வார்னிஷ் மாதிரி ஓரத்துல தெரிஞ்சா இன்னும் கொஞ்சம் கிளீனர்ல ஊறட்டும். தூண்டில் நைலான் நரம்பை விட்டு எடுத்து காத்தடிச்சா போதும். நான் ஸ்ப்ரே டப்பாவை கார்புரேட்டருக்கு மட்டும் தான் எடுப்பேன், பிளாக் கழுவ அத அடிக்கிறது காசை காத்துல விடுறது.

பெகு பட்டறை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். டீச்சரம்மா, அந்த நம்பரை போய் பார்த்தேன், என்கிட்ட இருந்த ரெண்டு டப்பாவுல ஒண்ணுல 127-18-4 இருக்கு, எடுத்து தனியா வச்சுட்டேன். இன்னும் ரெண்டு டவுட். பிஸ்டன் தலையில கரி கட்டியா இருக்கே, அதுக்கு எமரி பேப்பர் போடலாமா? வால்வ் ஸ்பிரிங்ல லேசா துரு, அத சிட்ரிக்ல போடலாமா?

மோல்மீன் டீசல்:
எமரி வேணாம் தம்பி, நார் பேடும் வேணாம். அதுல இருக்குற அலுமினியம் ஆக்ஸைடு மாவு கண்ணுக்கே தெரியாது, ஆயிலோட கலந்து மெயின் பேரிங்கை அறுத்துட்டு வந்துரும், புது இஞ்சின் மாதிரி கட்டிக் கொடுத்துட்டு மாசம் கழிச்சு நாக்கிங் சத்தத்தோட திரும்பி வரும். ராத்திரி டீசல்ல ஊற வைங்க, காலையில மூங்கில் சீவல் இல்லாட்டி பிளாஸ்டிக் தகடு வச்சு சுரண்டினா ஏடு ஏடா வரும். ரிங் காடியில மெதுவா போங்க, அங்க கீறல் விழுந்தா ஆயில் குடிக்கும்.

சிலிண்டர் ஹோனிங் போட்டீங்கன்னா, அதாவது உள் சுவரை கல்லால தேய்ச்சு கோடு விழ வச்சீங்கன்னா, அத டீசல்ல கழுவிட்டு முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, டீசல் அந்த அறுவை மாவை கோட்டுக்குள்ள தள்ளிட்டு மேல பளபளன்னு காட்டும். சோப்பும் சுடுதண்ணியும் போட்டு பிரஷ்ஷால தேய்ச்சு, வெள்ளைத் துணியில ஆயில் தொட்டு துடைங்க, துணி சாம்பக் கலரா வந்தா இன்னொரு தடவை சோப்பு. துணி வெள்ளையாவே வர்ற வரைக்கும் அசெம்பிள் பண்ணாதீங்க. பாதி பட்டறையில இந்த வேலையத் தான் விட்டுர்றாங்க, ரிங்கு சீக்கிரம் தேயுதுன்னு ரிங்கை குறை சொல்றாங்க.

ரங்கூன் கெமிஸ்ட்ரி டீச்சர்:
ஸ்பிரிங்கை எந்த ஆசிட்லயும் போடாதீங்க அண்ணே. கெட்டியான ஸ்டீலுக்குள்ள ஹைட்ரஜன் ஏறி நொறுங்குற தன்மை வந்துரும், பார்க்க சுத்தமா இருக்கும், ஓடும்போது டக்குன்னு உடையும். வால்வ் ஸ்பிரிங், பேரிங் பந்து இதுக்கெல்லாம் டீசலும் பிரஷ்ஷும் மட்டும். துரு குழி விழுந்திருந்தா புதுசு போடுங்க.

மண்டலே பைக்:
பேரிங்கை கழுவிட்டு காத்தடிச்சு கிர்ர்ருன்னு சுத்த விடாதீங்க, பசங்க விளையாட்டா செய்வாங்க, ஆயில் இல்லாம சுத்தினா அங்கேயே கீறல்.

பெகு பட்டறை:
சரிண்ணே. கழுவின டீசலை என்ன பண்றீங்க? இங்க எல்லாரும் காவாயில தான் ஊத்துறாங்க.

மோல்மீன் டீசல்:
காவாயில ஊத்தினா மழையில உங்க வாசலுக்கே வந்து நிக்கும். மூடி போட்ட டின்ல ரெண்டு நாள் அசையாம வைங்க, சேறு அடியில தங்கிரும், மேல தெளிஞ்சதை வடிகட்டி மறுபடி முதல் கழுவுக்கு எடுத்துக்கலாம். அடிச்சேறை பழைய ஆயிலோட சேர்த்து, ஆயில் வாங்க வர்றவங்ககிட்ட கொடுத்துருங்க. ஆனா ஸ்ப்ரே கிளீனர் அடிச்சு வழிஞ்சதை மட்டும் அந்த டின்ல சேர்க்காதீங்க, அது தனி டப்பா.