மறு: ஃபெர்டிகேஷன் – உரப்பாசனமா, பாசனவுரமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். ஃபெர்டிகேஷன், அதாவது உரத்தைக் கரைத்துப் பாசனத் தண்ணீரோடு சேர்த்தே பயிருக்கு விடுவது. விவசாயிக்கான நம் கையேட்டில் இதற்குப் “பாசனவுரம்” என்று எழுதலாம் என்ற என் யோசனைக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> “உரப்பாசனம்” ஏற்கெனவே வேளாண் கையேடுகளில் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது, மறுக்கவில்லை ஐயா. “நீர்வழி உரமிடல்” என்பதும் கூடவே புழங்குகிறது. ஆனால் ஏரிப்பாசனம், கிணற்றுப்பாசனம் என்றால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. சொட்டுநீர்ப் பாசனம் என்றால் எப்படி வருகிறது என்று தெரிகிறது. உரப்பாசனம் இந்த வரிசையில் ஒட்டவில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை வைத்திருப்பவருக்குப் பாசனம் என்பது தண்ணீர்க் கணக்கு. வைகை அணை நிரம்புகிற ஆண்டில்தான் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். மற்றபடி போர்வெல்லை நம்பித்தான் பிழைப்பு. அந்தத் தட்டுப்பாட்டுக்காகவே சொட்டுநீர் போட்டார். போட்ட பிறகுதான் உரச் சிக்கல் தெரிந்தது. செடியைச் சுற்றிச் சொட்டு விழும் இடம் மட்டும் நனைகிறது, வேரும் அங்கேயே கூடிக்கொள்கிறது. பழைய பழக்கத்தில் பாத்தி முழுக்க யூரியாவைத் தூவினால் காய்ந்த மண்ணில் விழுந்தது வேருக்குப் போய்ச் சேராது. ஆகவே உரமும் அதே குழாயில் போக வேண்டியதாகிறது. தினமும் பாய்கிற தண்ணீரில் புதிதாகச் சேர்வது உரம்தான். அதனால் சொல்லின் தலைமை உரத்துக்கே இருக்கட்டும் என்கிறேன்: அடியுரம், மேலுரம், பாசனவுரம்.

சூப்பர் பாஸ்பேட் சரியாகக் கரையாது, அது அடியுரமாகவே போகும். யூரியா, 19:19:19, 13:0:45 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) போன்றவை பாசனவுரம். “எதை அடியுரமாகப் போடுவது, எதைப் பாசனவுரமாக விடுவது” என்று ஒரே வாக்கியத்தில் கேட்க முடிகிறது பாருங்கள். உரப்பாசனத்தை வைத்து இதைச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு புரளவில்லை.

> “சொட்டுரம்” இன்னும் சின்னதாக, அழகாக இருக்கிறதே?

அழகுதான். தெளிப்புநீரிலும் மழைத்தூவானிலும் உரம் விடுகிறவர்களை எங்கே வைப்பது?

> பாசனவுரம் என்றால் கடையில் விற்கும் மூட்டையைத்தான் நினைப்பார்கள். செயலுக்கு என்ன சொல்?

நல்ல கேள்வி அம்மா. ஊரில் வினைகள் தெளிவாகப் பிரிந்தே கிடக்கின்றன. யூரியா போடுவார்கள், மருந்து அடிப்பார்கள், சொட்டுநீரில் உரம் விடுவார்கள். எனவே “பாசனவுரம் விடுதல்”. “இடல்” என்று எழுத்து நடைக்கு இழுக்காமல் இருந்தால் போதும். மூட்டையில் வருவதற்குக் “கரையுரம்” என்று தனியாகவே வைத்துக்கொள்ளலாம். கரைந்த, கரைகிற, கரையும் மூன்றுக்கும் பொருந்தும் வினைத்தொகை. கடைக்காரரிடம் 19:19:19-ஐ “ஆல் 19” என்றுதான் கேட்பார்கள், அதை நாம் மாற்றப் போவதில்லை.

உரக்கரைசலைப் பாசனக் குழாய்க்குள் இழுத்துவிடும் கருவியான வெஞ்சுரிக்கு “உறிஞ்சுகுழல்” என்று ஒரு பரிந்துரை வந்திருந்தது. வேண்டாம். கிணற்று மோட்டாரில் தண்ணீரை இழுக்கும் குழாயைத்தான் அது நினைவூட்டும். வெஞ்சுரி என்றால் குழாயின் நடுவே ஓர் இடுக்கு. அங்கே வேகம் கூடி அழுத்தம் குறைவதால் வாளியில் இருக்கும் உரக்கரைசல் தானாக இழுபடுகிறது. பெயர் வெஞ்சுரியாகவே இருக்கட்டும்.

கையேட்டில் இடம்பெற வேண்டிய வாக்கியங்களை இந்தச் சொற்களை வைத்தே எழுதிப் பார்த்தேன்:

“முதலில் வெறும் தண்ணீர் ஓடட்டும். குழாய்கள் நிரம்பியபின் பாசனவுரம் விடவும். முடிவில் மீண்டும் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவவும். கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட், சல்பேட் உள்ள கரையுரங்களுடன் ஒரே வாளியில் கலக்கக் கூடாது. வெள்ளையாகத் திரிந்து சொட்டுவான்களை அடைத்துவிடும்.”

“திரிந்து” சரியா, “படிந்து” வேண்டுமா? வாளியில் பார்க்கும்போது பால் திரிந்த மாதிரிதான் இருக்கிறது. வேதியியல் ஆட்கள் “வீழ்படிவு” கேட்பார்கள் என்று தெரியும். விவசாயிக்கான கையேட்டில் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.