வண்டிப் பந்தயத்தில் ஓட்டுகிறவர் தப்பு செய்தால் யாருக்குத் தண்டனை? உங்கள் ஊர் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்:

காணும் பொங்கலன்று நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குதிரை வண்டிப் பந்தயம். மாமனார் ஊர் என்பதால் என்னையும் கமிட்டியில் சேர்த்து, எல்லைக் கோட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். எந்த வண்டி முதலில் வருகிறது என்று பார்த்து எழுதினால் போதும் என்றார்கள். நானும் நம்பினேன்.

நடுக்குதிரை (நடுத்தர அளவுக் குதிரை) ஓட்டம், போய்வர 6 மைல். கடைசி அரை மைலில் இரண்டு வண்டிகள்தான் மிச்சம். முன்னால் போனது நீலச் சக்கர வண்டி. பின்னால் வந்த வெள்ளைக் குதிரை வலப்பக்கம் ஏறியது. நீல வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார், வாரை ஒரு இழுப்பு இழுத்தார். வண்டி வலது பக்கம் சாய்ந்தது. சக்கரத்தோடு சக்கரம் உரசிய சத்தம் எனக்கே கேட்டது. வெள்ளைக் குதிரை ரோட்டோர மண்ணில் இறங்கித் தடுமாறி, நல்லவேளையாக விழாமல் நின்றுவிட்டது. நீல வண்டி முதலில் வந்தது.

அப்புறம் ஆரம்பித்ததுதான் பந்தயம். மேடைக்குப் பின்னால், சவுண்டு சர்வீஸ் ஜெனரேட்டர் பக்கத்தில் பதினைந்து பேர் கூடிக்கொண்டு ஆளுக்கொரு மொபைலை நீட்டுகிறார்கள். எல்லா வீடியோவிலும் பைக்கில் துரத்திக்கொண்டு போனவன் முதுகுதான் தெரிகிறது. நோட்டீசில் ஒரே வரி: ‘பின்னால் வரும் வண்டியை மறிக்கக் கூடாது, கமிட்டியார் முடிவே இறுதியானது.’ மறித்தால் என்ன தண்டனை, யாருக்குத் தண்டனை என்று எதுவும் இல்லை.

கடைசியில் ஒரு பெரியவர் யாரிடமும் எதுவும் பேசாமல் வெள்ளைக் குதிரை வண்டியிடம் போய்க் குனிந்தார். இடது சக்கரத்தின் ஆரக்காலில் விரலால் தடவி எங்களிடம் காட்டினார். விரல் நுனியில் நீலச் சாயம். பொங்கலுக்காகப் புதிதாக அடித்த பெயிண்ட், சரியாகக் காயக்கூட இல்லை.

‘அது காலையில ஷெட்ல நிக்கும்போது ஒட்டிச்சு சார்’ என்றார் நீல வண்டியை ஓட்டியவர். முகத்தில் சலனமே இல்லை.

முதல் பரிசை வெள்ளைக் குதிரைக்குக் கொடுத்தோம். ஆனால் நீல வண்டி இழந்த அந்தப் பரிசு யார் பணம்? அந்த வண்டிக் குதிரையின் சொந்தக்காரர் பணம். அவர் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கிற மனிதர். ஆறு மாதம் கொள்ளும் புல்லும் போட்டு வளர்த்தவர். ‘என் குதிரை என்னப்பா தப்பு பண்ணுச்சு?’ என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வாரை இழுத்தவரோ அடுத்த ஞாயிறே வேறு ஊரில் வேறு ஆள் வண்டியில் ஏறிவிட்டார்.

இதைத்தான் கேட்கிறேன். உங்கள் ஊரில் ஓட்டுகிறவரை நேராகத் தண்டித்த அனுபவம் இருக்கிறதா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

ஐயா, நான் பாரிஸ் பக்கம் பதினான்கு வருடம் இருந்து திரும்பியவன். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் தெருவில் சொல்தா (சிப்பாய்) வீடு என்றால்தான் தெரியும். அவருக்கு ஞாயிற்றுக்கிழமையானால் காப்பிக் கடையில் குதிரைப் பந்தயச் சீட்டு எழுத வேண்டும். அவர் பைத்தியம் என்னையும் பிடித்துக்கொண்டது.

பாரிஸின் கிழக்கே வென்சேன் மைதானம். அங்கே குதிரை மேல் உட்கார்ந்து ஓட்டுவதைவிட, பின்னால் இரண்டு சக்கர வண்டி கட்டி ஓட்டுவதுதான் பிரபலம். ஜனவரி கடைசி ஞாயிறு நடக்கும் பெரிய பந்தயத்துக்குப் பெயர் ‘ப்ரி தமெரிக்’. 1920-இல் தொடங்கியது, முதல் உலகப்போரில் உதவிக்கு வந்த அமெரிக்கர்களை நினைத்து வைத்த பெயர். தூரம் 2,700 மீட்டர். தரை கறுப்பு, கரிச்சாம்பல் போட்ட தடம்.

அங்கே குதிரை பாயக் கூடாது. முன் வலது காலும் பின் இடது காலும் சேர்ந்து, அப்புறம் மற்ற இரண்டும் சேர்ந்து, அந்த ஓட்டநடையிலேயே முழுத் தூரமும் போக வேண்டும். நாலுகால் பாய்ச்சலுக்கு மாறிவிட்டால் ஓட்டுகிறவர் உடனே இழுத்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். பாய்ச்சலிலேயே இடம் பிடித்தாலோ, பாய்ந்தபடி கோட்டைத் தாண்டினாலோ தகுதி நீக்கம். பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் நம்பரைச் சொல்லிவிடுவார்கள். அப்பா சீட்டைக் கிழித்து மேசையில் போட்டுவிட்டு இன்னொரு காப்பி சொல்வார்.

ஒரு தடவைகூட அதற்காக யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. காரணம், குதிரையின் காலைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. ஓட்டினவன் மனசில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் நீலச் சக்கர விவகாரம் அப்படி இல்லை. வேண்டுமென்றே இழுத்தானா, கை தவறியதா என்று மனசுக்குள் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் மாமன் மச்சான் எல்லாம் நுழைகிறார்கள்.

மஞ்சக்குப்பம், கடலூர்:

அதேதான் சார். நீல வண்டிக்காரருக்குக் கமிட்டியிலேயே ஒரு சித்தப்பா இருந்தார்.

வில்லியனூர் (இப்போது கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து):

மூன்று வருடமாக இங்கே வண்டிக் குதிரை லாயத்தில் வேலை. அடிங்டன் மைதானம் பக்கம். இங்கே பெரும்பாலும் ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகிற நடை. முதல் நாள் பார்த்தபோது ஒட்டகம் ஞாபகம்தான் வந்தது.

நடையை விடுங்கள், நீங்கள் கேட்ட மறிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லாயத்துக்கு ஓட்டுகிற ஒருவர், முழுசாக முந்துவதற்கு முன்பே உள்பக்கம் இறங்கினார். பின்னால் வந்த குதிரை நடை குலைந்தது. பந்தயம் முடிந்ததும் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் குதிரையைக் கழுவிக்கொண்டிருந்தேன், அவரே வந்து சொன்னதுதான் இது. முன்னால் இருந்து, பின்னால் இருந்து, பக்கத்தில் இருந்து என்று எல்லாக் கோணத்திலும் வீடியோ. பந்தயத்தைக் கண்காணிக்கிற ஸ்டூவர்டுகள் குற்றம் சாட்டுவார்கள், ஆனால் தீர்ப்புச் சொல்வது அவர்கள் இல்லை. அதற்குத் தனிக் குழு. ‘ஒத்துக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டார்களாம். வீடியோவை இரண்டாம் முறை போட்டபோது அவரே ‘ஆமாம், அவசரப்பட்டுவிட்டேன்’ என்று சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் கணக்கு. ஒத்துக்கொண்டது ஒரு சலுகை. இதற்கு முன் இதே தப்பு செய்திருக்கிறாரா என்று பழைய பதிவைப் பார்த்தார்கள். வருடத்தில் எத்தனை முறை வண்டி ஏறுகிறார் என்பதும் சேரும். ஆயிரம் தடவை ஓட்டுகிறவனுக்கு ஒரு தப்பு வருவதும், முப்பது தடவை ஓட்டுகிறவனுக்கு ஒரு தப்பு வருவதும் ஒன்றா? சில நாட்கள் வண்டி ஏறக் கூடாது என்றார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஏற்கனவே பெயர் கொடுத்த குதிரைகள் இருந்ததால், அதை முடித்துவிட்டுத் தண்டனையைத் தொடங்கலாம் என்றார்கள். காரண காரியத்தோடு, அவர் பெயர் போட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி இணையத்தில் வந்துவிட்டது. குதிரை இடித்து நஷ்டம் செய்திருந்தால் அதைப் பின் இடத்துக்குத் தள்ளுவார்கள், அது வேறு கணக்கு. ஓட்டுகிறவர் கணக்கு தனி.

சவுக்கைக் கண்டபடி வீசினாலும், தடத்தின் உள்பக்கம் நட்டிருக்கிற குறிகளைத் தாண்டி உள்ளே போனாலும், வண்டியில் கால் வைக்கிற இடத்திலிருந்து காலை எடுத்தாலும் இதே அறைதான்.

போனில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். ‘அவனை அடிச்சாங்களா?’ என்று கேட்டார். இல்லம்மா என்றேன். ‘பின்ன எப்படித் திருந்துவான்?’ என்றார். வில்லியனூர் அம்மா.

பாகூர்:

தண்டனை வாங்கினவனே எழுதுகிறேன். அதனால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், தேடாதீர்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மாட்டு வண்டி. சாட்டைக் கம்பின் அடிமுனையில் ஒரு ஆணி, தலையை வெட்டிவிட்டு அடித்தது. மேலே துணி சுற்றியிருக்கும். கடைசிக் கால் மைலில் துணியைத் தள்ளிவிட்டுக் குத்தினால் மாடு பறக்கும். மற்றவர்களும் வைத்திருந்தார்கள் என்று நான் சொன்னால் சமாதானம் சொல்கிற மாதிரி இருக்கும். வைத்திருந்தார்கள், அது உண்மைதான்.

ஜெயித்தேன். மாலை போட வந்த ஊர்ப் பெரியவர் என்னைப் பார்க்கவில்லை, மாட்டின் பின்தொடையைத் தடவினார். கையைத் தன் வெள்ளை வேட்டியில் துடைத்தார். அந்தச் சிவப்புக் கோடு இன்னும் கண்ணில் இருக்கிறது. ‘ஒரு வருஷம் நீ வண்டியில ஏறக் கூடாது. ஆனா ஒவ்வொரு பந்தயத்துக்கும் வரணும். வண்டிங்க புறப்படும்போது நீதான் ஓட்டுறவன் கம்பை எல்லாம் வாங்கித் தடவிப் பாக்கணும்.’ இவ்வளவுதான் சொன்னார். பரிசுப் பணத்தை மாட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டார்.

சாரதி ஆகாத ஒரு வருஷத்தைத் தாங்கிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போனால்தான் தாங்க முடியாது. ‘ஆணிக்காரன் வர்றான்’ என்பார்கள். இன்றைக்கும் ஒரு தரகர் அப்படித்தான் கூப்பிடுகிறார், எனக்குப் பேரன் பிறந்த பிறகும்.

நான் அந்த வருஷம் பதினோரு கம்பு பிடித்தேன். எங்கே ஒளித்திருப்பார்கள் என்று எனக்குத்தானே தெரியும்.

திருப்பாதிரிப்புலியூர்:

கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பாகூர் அண்ணன் சொன்ன ஆணிக்கு 1965-ஆம் வருடமே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. வண்டி இழுக்கிற விலங்குகள் மேல் முள் வைத்த கம்போ, காயப்படுத்துகிற கூரான சாமானோ உபயோகிக்கக் கூடாது. அதற்கு அடிப்படை 1960 வதைத் தடுப்புச் சட்டம். முதல் தடவை மாட்டினால் அந்தச் சட்டத்தில் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீயும் வடையும் சாப்பிட்டுக் கட்டிவிடலாம்.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியது. 2017-இல் தமிழ்நாடு திருத்தச் சட்டம் வந்தது, 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. சிலர் இதைக் காட்டிக் குதிரைப் பந்தயத்துக்கும் அனுமதி இருக்கிறது என்கிறார்கள். அந்தத் திருத்தம் காளைகளைப் பற்றியது, குதிரைக்கு அதில் இடமில்லை. இன்னொன்று, அது தமிழ்நாட்டுச் சட்டம். கடலூரிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு புதுச்சேரியில் இருக்கிற பாகூர் எல்லையைத் தாண்டினால் அது கூடவே வராது. பந்தயம் நடத்துகிறவர்கள் இதையெல்லாம் கேட்பதே இல்லை, போலீஸ் அனுமதி கிடைத்ததா என்பதோடு சரி.

பெரியவரின் தண்டனைதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த மாதிரிப் பெரியவர் இல்லாத ஊர் என்ன செய்யும்?

மஞ்சக்குப்பம், கடலூர்:

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்துக் கமிட்டியில் படித்துக் காட்டினேன். வென்சேன் பகுதி வந்தபோது பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஆணிக்காரர் கதைக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.

கலெக்டர் அனுமதி தனிக் கதை, குதிரை விஷயத்தில் திருப்பாதிரிப்புலியூர் சார் சொன்னதை வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் இந்த முறை மாட்டு வண்டி மட்டும்தான். டோக்கன் இரண்டு: மாட்டுக்காரருக்கு ஒன்று, ஓட்டுகிறவருக்கு அவர் போட்டோ ஒட்டி ஒன்று. ஓட்டுகிறவர் தன் கையால் ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். மறித்தால், குத்தினால் அந்தப் பணம் போகும், பக்கத்து நாலு ஊர்க் கமிட்டிக்கும் அவர் பெயரை அனுப்பிவிடுவோம். தீர்ப்புச் சொல்கிற மூன்று பேர் வெளியூர். எல்லையில் மூங்கில் கட்டி இரண்டு கேமரா. புறப்படுகிற இடத்தில் கம்பு சோதனை.

சித்தப்பா எதிர்த்தார். ‘ஆயிரம் ரூபா கட்டி எவன் வருவான்?’ என்றார். வருவார்களா என்று எனக்கும் சந்தேகம்தான்.

நேற்றுச் சாயங்காலம் நீல வண்டிக்காரர் வந்தார். இந்தத் தடவை யாரோ ஒருவரின் நடுமாடு. படிவத்தை மேலும் கீழும் இரண்டு தடவை படித்தார்.

‘மாட்டுக்காரர் பேருதான் இருக்கே சார், என் பேரு எதுக்கு?’

‘வாரைப் பிடிக்கிறது நீதானே’ என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து இரண்டு ஐந்நூறை எடுத்து வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே நிறுத்தியிருந்த வண்டியை எட்டிப் பார்த்தேன். சக்கரத்துக்கு இந்த வருஷம் பச்சை அடித்திருந்தார்.