ஒரே நாற்றுக்கு ஆளுக்கொரு உயரம்

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது நாம் தலைப்பு தேடியே களைத்துப் போகிறோம். என்னைக் கேட்டால், தலைப்பைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். அளக்கத்தான் கூட நின்று சொல்லித்தர வேண்டும்.

எங்கள் எட்டாம் வகுப்புக் குழு ஒன்று, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினால் பச்சைப்பயறு வேகமாக வளருமா என்று பார்க்க ஆசைப்பட்டது. சத்துணவுக் கூடத்திலேயே தண்ணீர் கிடைக்கும், செலவு கிடையாது. விதை போடுவதற்கு முன்னால், தொட்டியில் ஏற்கெனவே நின்ற ஒரு நாற்றை எல்லோரும் தனித்தனியாக அளந்து, பக்கத்தில் காட்டாமல் எழுதச் சொன்னேன். 11.2 செ.மீ.யில் தொடங்கி 12.4 வரை வந்தது! "யாரோ தப்பா அளந்திருக்காங்க டீச்சர்" என்று ஒரே சண்டை. விசாரித்தால், ஒருத்தி இலை நுனி வரை அளந்திருக்கிறாள், ஒருவன் தண்டின் மொட்டு வரை, இன்னொருவன் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் இருக்கும் வெற்று இடத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

அப்புறம் விதியை அவர்களே எழுதினார்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் இறங்கும் என்பதால் ஒவ்வொரு தொட்டியிலும் ஐஸ்குச்சியை அடிவரை குத்தி, அதில் போட்ட கோட்டிலிருந்து மொட்டு வரைதான் அளவு. மறுபடி அளந்தபோது எல்லோருக்கும் 2 மி.மீ.க்குள் அடங்கியது. கடைசியில் அரிசித் தண்ணீர், வெறும் தண்ணீர் என்ற இரண்டு வகைத் தொட்டிகளுக்கும் சராசரியில் 4 மி.மீ. தான் வித்தியாசம். "ஒரே தண்ணி குடிச்ச செடிங்களுக்குள்ளேயே 2 செ.மீ. வித்தியாசம் இருக்கே, இதை வச்சு எப்படிச் சொல்றது?" என்று ஒரு பெண் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி பரிசைவிடப் பெரியது. வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது என்றே அறிக்கையில் எழுதினார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் வெர்னியர் அளவுகோலுக்கு மீச்சிற்றளவு (அது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 செ.மீ. என்று ஒப்பிக்கிற பிள்ளை, கையிலிருக்கும் ஸ்கேலுக்கு அது 1 மி.மீ. என்று யோசிப்பதில்லை. அதை உணர வைத்துவிட்டால் மற்றது தானாக வரும். 1 கிராமுக்குக் குறைந்ததைக் காட்டாத சமையல் தராசில் ஒரு பயறு வைத்தால் 0 தான். 500 எண்ணி வைத்து வகுத்துக்கொள்ளலாமே என்று அவர்களே சொல்வார்கள். ஊசல் நேரமும் அப்படித்தான், 20 அலைவுக்கு எடுத்து வகுத்தால் ஸ்டாப்வாட்சை அழுத்தும் கைத்தாமதம் சிறுத்துவிடும்.

இந்த வருஷம் மண்ணின் ஈரத்தை அளக்கப் போகிறோம். ஈர மண்ணை எடை போட்டு, காயவைத்து, மறுபடி எடை போடுவதுதான் திட்டம். வெயிலில் எவ்வளவு காய்ந்தால் போதும் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.