'தி ஃபைனல் கேர்ள்ஸ்' பார்த்துவிட்டு அழுதவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

முழுக்கதையும் வரும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

2015-ல் வந்த படம், டாட் ஸ்ட்ராஸ்-ஷுல்சன் இயக்கியது. சம்மர் கேம்பில் முகமூடிக் கொலைகாரன் இளவட்டங்களை வெட்டிச் சாய்க்கிற படங்களைக் கலாய்க்கிற படம் என்று சொல்லித்தான் தங்கை போட்டாள். அம்மா தவறி அப்போது வருஷம் திரும்பியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் சிரிக்கலாமே என்று உட்கார்ந்தோம்.

ஆரம்பத்திலேயே மாக்ஸ் என்ற பெண்ணின் அம்மா கார் விபத்தில் இறந்துபோகிறாள். அவள் நடிகை. 80-களில் 'கேம்ப் பிளட்பாத்' என்ற ரத்தக்களரிப் படத்தில் நடித்ததால்தான் ஊருக்கு அவளைத் தெரியும். சில வருஷம் கழித்து அந்தப் படத்தைத் திரையிடும்போது மாக்ஸும் நண்பர்களும் போகிறார்கள். தியேட்டரில் தீப்பிடிக்கிறது. தப்பிக்க வழியில்லாமல் திரையைக் கிழித்துக்கொண்டு புகுந்தால், அந்தப் பக்கம் படத்துக்குள்ளேயே போய் விழுகிறார்கள். முகாமுக்குப் போகிற வேன் வந்து நிற்கிறது. உள்ளே அவள் அம்மா, இளம்பெண்ணாக! ஆனால் இவளை யாரென்றே தெரியாது. அவள் இப்போது நான்சி, படத்தில் கொலையாகப் போகிற பாத்திரம்.

மாக்ஸாக நடித்த டைசா ஃபார்மிகாவின் முகத்தை அந்த இடத்தில் பாருங்கள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவும் முடியாது, கண்ணை எடுக்கவும் முடியாது. என் தங்கை அப்போது பிடித்த என் கையைப் படம் முடிகிறவரை விடவில்லை.

மாக்ஸ் பிழைக்கவேண்டும் என்று நான்சி தானாகவே கொலைகாரனைத் தன் பக்கம் இழுத்து ஆடுகிற காட்சிதான் எங்களை உடைத்தது. பின்னால் ஓடுவது கிம் கார்ன்ஸின் 'பெட்டி டேவிஸ் ஐஸ்'. முதல் காட்சியில் காரில் அம்மாவும் மகளும் கேட்டுக்கொண்டு வந்த அதே பாட்டு. பேய்ப்படம், ரத்தப்படம் எவ்வளவோ பார்த்திருக்கிறோம். இப்படி அழுததில்லை.

கதாசிரியர்களில் ஒருவரான ஜோஷுவா ஜான் மில்லரின் அப்பா ஜேசன் மில்லர், 1973-ல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்'டில் இளம் பாதிரியாராக நடித்தவர். 2001-ல் காலமானார். இறந்துபோன அப்பா திரையில் மறுபடி மறுபடி செத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிற மகன் எழுதிய கதை இது. அது தெரிந்த பிறகு இரண்டாவது தடவை பார்த்தேன். இன்னும் கனமாக இருந்தது.

உங்களுக்கும் இப்படி நடந்ததா? எழுதுங்கள்.

* * *

அக்கா, எங்கள் வீட்டில் நேர்மாறு. ஹாஸ்டல் நண்பர்களோடு பார்த்தேன், கூரை அதிரச் சிரித்தோம். அந்த வேன் 92 நிமிஷத்துக்கு ஒருமுறை அதே ஆட்களோடு, அதே கேள்வியோடு வரும், ஏனென்றால் 'கேம்ப் பிளட்பாத்' படத்தின் நீளமே அவ்வளவுதான். யாராவது பழைய கதை சொல்ல ஆரம்பித்தால் எல்லோரும் கறுப்பு வெள்ளை ஃபிளாஷ்பேக்குக்குள் இழுபட்டுப் போவார்கள். பிறகு கொலைகாரன் துரத்தும்போது அதையே தப்பிக்கிற வழியாக வைத்துக்கொள்கிறார்கள் பாருங்கள், அந்த மூளைக்கு ஒரு சல்யூட்.

ஒரு பெண் சட்டையைக் கழற்றினால் கொலைகாரன் வந்துவிடுவான் என்பது இந்த வகைப் படங்களின் எழுதாத சட்டம். அதனால் முகாமில் இருக்கிற டினா என்ற பெண்ணுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, கையில் உறையும் போட்டு உட்காரவைத்திருப்பார்கள். அந்த இடத்தில் எங்களில் ஒருத்தன் கட்டிலிலிருந்தே விழுந்தான். ஆனால் நீங்கள் சொன்ன டான்ஸ் வந்தபோது அறையில் ஒருத்தரும் பேசவில்லை. அதுவும் உண்மை.

* * *

நான் நிஜமான சம்மர் கேம்பிலேயே வேலை பார்த்தவன். கல்லூரி விடுமுறையில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனேன். காடு, ஏரி, மரக் கேபின், கேபினுக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ராத்திரி விளக்கணைத்த பிறகு கவுன்சிலர்கள், அதாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற எங்களைப் போன்ற ஆட்கள், முறைபோட்டு வெளியே உட்கார்ந்திருப்போம். லீவு நாளில் பழைய ஆட்கள் எங்களை உட்காரவைத்துப் போட்டுக்காட்டியது 1980-ல் வந்த 'ஃப்ரைடே தி 13த்'. அது படமான இடமும் நியூ ஜெர்சியில் உள்ள நிஜமான ஸ்கவுட் முகாம்தான், நோ-பி-போ-ஸ்கோ என்று பேர்.

அந்தப் படத்தில் எல்லோரும் பேசுவது கத்தியையும் அம்பையும். எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. கவுன்சிலர்கள் கவனிக்காமல் இருந்தபோது ஏரியில் ஒரு பையன் மூழ்கிப்போனான் என்பதுதான் அவன் தாய் கொலைசெய்து பழிவாங்கக் காரணம்.

எங்கள் ஏரிக்கரையில் ஒரு பலகை உண்டு. தண்ணீரில் இறங்கும்போது பிள்ளை தன் பேர் எழுதிய வில்லையை அதில் மாட்டவேண்டும், ஏறும்போது எடுக்கவேண்டும். ஒருநாள் எல்லோரும் கரையேறிய பிறகும் ஒரு வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. விசில் அடித்தார்கள். நாங்கள் கைகோத்து வரிசையாக நின்று, இடுப்பளவு தண்ணீரில் அடியைக் காலால் துழாவிக்கொண்டே நடந்தோம். சேற்றில் ஒரு மரக்கட்டை என் காலில் தட்டியபோது உயிரே போய்விட்டது. பையன் வில்லையை எடுக்க மறந்து கேபினுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைக் கண்டதும் எங்கள் தலைமை நீச்சல் ஆசிரியை அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அதனால் எனக்கு இந்த வகையில் மனதுக்கு நெருக்கமானது 1986-ல் வந்த 'ஃப்ரைடே தி 13த்' ஆறாம் பாகம், டாம் மெக்லாஃப்லின் எடுத்தது. பின்வந்த பாகங்களில் வளர்ந்து கொலைகாரனாகிற அந்தப் பையன் ஜேசன், மின்னல் தாக்கிக் குழியிலிருந்து எழுந்திருப்பதில் தொடங்கி நல்ல சிரிப்பு. அந்த வரிசையில் முகாம் நிறையச் சின்னப் பிள்ளைகள் இருப்பதும் அதில்தான். வெளியே ஜேசன் நடமாடும்போது கட்டிலுக்கடியில் இரண்டு பையன்கள் ஒளிந்துகொண்டு, பெரியவனாகி என்ன ஆகலாம் என்றிருந்தாய் என்று ஒருத்தன் கேட்பான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது, தைரியமாகப் பாருங்கள்.

* * *

ஏரி அனுபவம் எழுதிய தம்பிக்கு நன்றி, படிக்கும்போதே கை நடுங்கியது. அந்த ஆறாம் பாகத்தைத் தங்கையோடு இந்த வாரமே பார்க்கிறேன். மற்றவர்களும் எழுதுங்கள், குறிப்பாக அம்மா அப்பாவோடு சேர்ந்து இதைப் பார்த்தவர்கள்.