புதுப்பிப்பு: உறவின்போது வரும் எரிச்சல்

பிரசவத்துக்குப் பிறகு உறவின்போது எரிச்சலும் வலியும் இருக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. மருத்துவரைப் பார்த்தாச்சு. தொற்று எதுவும் இல்லை. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் பிறப்புறுப்பின் உள்ளே உலர்ந்துபோகிறதாம், மாதவிடாய் நின்றவர்களுக்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். நீர் சார்ந்த லூப்ரிகன்ட் (உராய்வைக் குறைக்கும் வழுக்குத் திரவம்) பயன்படுத்தச் சொன்னார், தாராளமாகவே. (ஆணுறை பயன்படுத்துபவர்கள் எண்ணெய் பக்கம் போகவேண்டாம், ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் கிழிந்துவிடலாம்.) அப்புறம், வலிக்கப்போகிறது என்ற பயத்திலேயே இடுப்புத்தளத் தசைகள் (பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தசைகள்) இறுகிவிடுமாம், இறுகினால் இன்னும் வலிக்கும், அதனால் அவசரப்படாமல், வலித்தால் உடனே நிறுத்திவிடுவது என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டோம், எனக்கு அதிகம் உதவியது அதுதான். வாசனை சோப்பையும் விட்டாச்சு. இப்போது எரிச்சல் பெரும்பாலும் இல்லை. உறவுக்குப் பின் ரத்தமோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதலோ இருந்தால் லூப்ரிகன்டோடு நிற்காமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.